எட்டொன்றாய் வற்றிய குடிநீர் எதுவரை காக்கும்?

மாரி தொடங்கினால் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு மல்லி கொதிக்கும். மல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஐந்தும் சேர்ந்த சரை நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும், பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். சிங்களத்தில் பஸ்பங்குவ என்பது இதைத்தான். எட்டுச் சுண்டு தண்ணீரில் போட்டு ஒரு சுண்டாக வற்றவைத்த அந்தக் குடிநீரை, அதாவது கசாயத்தை, காலையில் பாதி, மாலையில் பாதி குடிப்பது வழக்கம்.

குடித்தால் சுகமாக இருக்கிறது என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. சூடு தொண்டைக்கு இதம். கொதித்த தண்ணீர் என்பதால் வயிற்றுக்குப் பயமில்லை. சாப்பாடு பிடிக்காமல் படுத்திருப்பவரின் உடம்புக்குள் கொஞ்சமாவது நீர் போகிறது. ஆனால் கிருமியால் வரும் வருத்தத்தில் ஒரு மருந்து மூன்று வேலைகளில் எதைச் செய்கிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும். கிருமியைக் கொல்கிறதா, கிருமியோடு போராடும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறதா, உபாதையைத் தணிக்கிறதா? கைமருந்துகளில் பெரும்பாலானவை இரண்டாவது, மூன்றாவது வேலைகளைச் செய்பவை. அவை சிறிய வேலைகள் இல்லை. உபாதை தணிந்ததைக் கிருமி செத்ததாக எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும்போதுதான் உயிர் போகிறது.

தடிமன் வந்தால் ஒரு கிழமை, பத்து நாளில் தானாகவே போகும். மூன்றாம் நாள், உபாதை உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். நாலாம் நாள் எதைக் குடித்தாலும், குடிக்காவிட்டாலும், சற்றுத் தேறும். இதனால்தான் ஒரு மருந்தைச் சோதிப்பவர்கள் அதைக் குடித்தவர்களோடு குடிக்காதவர்களையும் வைத்துப் பார்க்கிறார்கள். குடித்தவர்களில் எத்தனை பேர் சுகமானார்கள் என்ற கணக்கு மட்டும் எதையும் சொல்லாது. 2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு கொரோனாப் பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கில் சனம் கூடியதும், அதைப் பகிரங்கமாகக் குடித்த சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்ல மனம் வராது. எதை நம்பலாம் என்று அவர்களுக்கு யாரும் நிதானமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மஞ்சள், உள்ளி, வேப்பிலை மூன்றும் கிருமியைக் கொல்லும் என்று ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அது உண்மைதான். கண்ணாடித் தட்டில் வளரும் கிருமியின் மேல் சாற்றை நேரே ஊற்றினால் சாகும். வினாகிரி ஊற்றினாலும் சாகும், உப்பை அள்ளிப் போட்டாலும் சாகும். வயிற்றுக்குள் போன பொருள் குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலைத் தாண்டி, நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ இருக்கும் கிருமியிடம் போதிய செறிவில் போய்ச் சேருமா என்பதுதான் அடுத்த கேள்வி. மஞ்சளின் குர்குமின் இங்கேதான் தோற்கிறது. கிராம் கணக்கில் விழுங்கினாலும் குருதியில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத்தான் ஏறும். மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது அது பல மடங்கு கூடியது என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே பைப்பரின் மற்ற மருந்துகளை ஈரல் கையாளும் விதத்தையும் மாற்றும். மஞ்சளைக் கறியில் தாராளமாகப் போடுங்கள், மஞ்சள் பாலை நம்பி நிமோனியாவோடு இருக்காதீர்கள்.

மூலிகையில் கிருமியைக் கொல்லும் மருந்தே கிடையாது என்று நினைப்பதும் பிழை. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் என்ற மருந்து ஆர்ட்டெமிசியா என்ற மூலிகைச் செடியிலிருந்து வந்ததுதான். 1971இல் சீன விஞ்ஞானி டூ யோயோ பழைய மருத்துவ ஏடு ஒன்றைப் படித்தபோது, நாலாம் நூற்றாண்டு வைத்தியர் அந்தச் செடியைக் காய்ச்சாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். அதுவரை அவருடைய குழு செடியைச் சூடாக்கித்தான் சாறெடுத்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, ஏறக்குறைய 35 பாகை செல்சியஸில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்தார். அந்தச் சாறு எலிகளில் மலேரியா ஒட்டுண்ணியை முற்றாக ஒழித்தது. 2015இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. எட்டுக்கு ஒன்றாக வற்றவைப்பது எல்லா மூலிகைக்கும் பொருந்தும் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அதே செடியைத் தேத்தண்ணீர் போலக் குடித்து மலேரியாவைத் தடுக்கவோ குணமாக்கவோ முயல வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கோப்பைக்குக் கோப்பை மருந்தின் அளவு மாறும், அளவு குறைந்தால் ஒட்டுண்ணி எதிர்ப்புச் சக்தி பெறும். இலங்கை 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் குருதிப் பரிசோதனையும் நுளம்புக் கட்டுப்பாடும் முறையான மருந்தும் இருந்தன.

கைமருந்துகளிலேயே ஆதாரம் மிக உறுதியாக உள்ளது உப்பும் சீனியும் கலந்த தண்ணீர். வயிற்றோட்டத்தில் பிள்ளைகளைக் கொல்வது நீரிழப்பு. வயிற்றோட்டத்தின்போதும் குடல், சோடியமும் குளுக்கோசும் சரியான விகிதத்தில் வந்தால் இரண்டையும் சேர்த்து உறிஞ்சும், அவற்றோடு நீரும் உள்ளே போகும். ஜீவனி என்ற பெயரில் கிடைக்கும், ஒரு லீட்டருக்கான உப்புச் சீனிக் கலவைப் பைக்கற்றை ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பைக்கற், ஒரு கோப்பைத் தண்ணீர் என்று கண்மட்டத்தில் கலக்க வேண்டாம். 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். பைக்கற் இல்லாத இடத்தில் ஒரு லீட்டருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் பிள்ளைக்கு வலிப்பு வரலாம், சீனி கூடினால் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வயிறு போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீட்டர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் திரும்பக் கொடுங்கள்.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. வாந்திபேதியில் அரிசி மாவில் செய்த கரைசல் மலத்தின் அளவைக் குறைத்ததற்கு ஆதாரமே இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் அது துணைக்கு ஆகும், ஜீவனியின் இடத்துக்கு வராது. சோடா, பைக்கற் பழச்சாறு வேண்டாம். இவற்றோடு நாகச் சத்து (சிங்க்) மாத்திரையும் சேர வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த பிள்ளைக்கு 10, பத்து முதல் பதினான்கு நாள் வரை. வயிற்றோட்டம் நின்ற பிறகும் முழு நாட்களும் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மலத்தில் இரத்தம், கண் குழிதல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை, குடிக்க முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் அத்துடன் முடிந்தது.

அடுத்த இடம் தேனுக்கு. பிள்ளைகளின் இருமலுக்கு, ஒன்றும் கொடுக்காமல் விடுவதைவிடத் தேன் நல்லது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2018இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. இரவில் படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி போதும். ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஒரு துளிகூட நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் வளர்ந்தவரின் குடலில் முளைக்காது, சிசுவின் குடலில் முளைத்து நச்சைச் சுரக்கும், குழந்தை துவண்டு மூச்சு நிற்கும். கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுவைக்கும் வழக்கத்தை அன்போடு சொல்லி நிறுத்த வேண்டும்.

இருமுகிற பிள்ளையின் சட்டையைத் தூக்கி, தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் பதினொரு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியா இருக்கக்கூடும். அங்கே தேனுக்கு வேலையில்லை. வளர்ந்தவருக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். ஆடாதோடையைக் குடித்துக்கொண்டே மூன்று மாதத்தைக் கடத்துபவர் அந்த மூன்று மாதமும் வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றைக் கொடுக்கிறார்.

ஆவி பிடிப்பதால் தடிமன் சீக்கிரம் போகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் நிறைய. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். கர்ப்பூரம் கலந்த எண்ணெயைச் சிசுவின் மூக்கில் தடவுவதும் ஆபத்து, அது வலிப்பைக் கொண்டுவரும். வாய் கொப்பளிப்பது வேறு. யப்பானில் 387 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வெறும் தண்ணீரால் நாளுக்கு மூன்று தடவை கொப்பளித்தவர்களுக்குத் தொண்டை, மூக்குத் தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அயடின் மருந்தால் கொப்பளித்தவர்களுக்கு அந்த நன்மை தெரியவில்லை.

உள்ளியைப் பற்றி ஓர் ஆய்வு நம்பிக்கை தந்தது. 146 பேர், 12 கிழமை, உள்ளிக் குளிசை எடுத்தவர்களுக்கு மொத்தம் 24 தடிமன், எடுக்காதவர்களுக்கு 65. ஒற்றை ஆய்வு, அதுவும் அவரவர் சொன்னதை வைத்து எழுதியது, ஆகவே அதன்மேல் வீடு கட்ட முடியாது. பச்சை உள்ளியைத் தோலில் வைத்துக் கட்டினால் நெருப்புச் சுட்டதுபோல் கொப்புளிக்கும். வைட்டமின் சி தொடர்ந்து எடுத்தால் தடிமன் நாட்கள் வளர்ந்தவருக்கு 8 வீதம், பிள்ளைகளுக்கு 14 வீதம் குறையும். வந்த பிறகு தொடங்கினால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கொய்யாப்பழம் போதும்.

டெங்குதான் எங்கள் மாவட்டத்துக்கு நெஞ்சில் தைத்த முள். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேல் டெங்கு சந்தேக நோயாளர் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கிண்ணியா ஒன்று. அப்போது பப்பாசி மரங்களில் இலையில்லாமல் போனது. பப்பாசி இலைச்சாற்றுக்குப் பின்னால் ஆய்வு இல்லாமலில்லை. மலேசியாவில் 228 நோயாளரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 கிராம் இலையின் சாறு மூன்று நாள் கொடுத்தார்கள், குருதியை உறையவைக்கும் பிளேட்லட் அணுக்களின் எண்ணிக்கை மற்றவர்களைவிட வேகமாக ஏறியது. ஆனால் எவருக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு அது. சாவு குறைந்ததா, இரத்தக்கசிவு குறைந்ததா என்று அது காட்டவில்லை.

பிளேட்லட் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதே தவறான இடத்தைப் பார்ப்பது. டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் குருதிக் குழாய்ச் சுவர் கசிவது. குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஒழுகி, குருதி தடித்து, அழுத்தம் விழும். இது காய்ச்சல் இறங்கும் நேரத்தில், பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். பிளேட்லட் அதன் பிறகு தானாகவே ஏறும். ஐந்தாம் நாள் சாறு கொடுத்தவர் ஏழாம் நாள் ஏறுவதைப் பார்த்து இலைக்கு நன்றி சொல்கிறார். கொடுக்காதவருக்கும் அதே நாளில் ஏறியிருக்கும். காய்ச்சல் விட்டது, சாறு பிடித்தது என்று அந்த இரவை வீட்டில் கழிப்பதுதான் பயங்கரம்.

மாரிக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் இதைச் செய்யுங்கள். மூன்றாம் நாள் எஃப்.பி.சி. என்ற முழுக் குருதிக் கணக்கு எடுங்கள். கர்ப்பிணி, ஒரு வயதுக்குட்பட்ட சிசு, சலரோகக்காரர் அதற்கு முன்னமே வைத்தியரிடம் போக வேண்டும். அறிக்கையில் பிளேட்லட்டோடு, குருதியில் செங்குழியங்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி.யையும் பாருங்கள், அது ஏறினால் குருதி தடிக்கிறது. வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 2500 மில்லிலீட்டர் நீராகாரம்: ஜீவனி, கஞ்சி, இளநீர், மல்லித்தண்ணீர், எதுவானாலும் அளந்து எழுதிவையுங்கள். சிவப்பும் கபிலமுமான பானங்கள் வேண்டாம், சத்தியில் இரத்தம் வந்தால் தெரியாமல் போய்விடும். கசிவு தொடங்கிய பிறகு அளவு மீறிக் குடிப்பதும் கெடுதல், நீர் நுரையீரலைச் சுற்றித் தேங்கும். அதனால்தான் அந்த இரண்டு நாளும் வைத்தியசாலையில் மணிக்கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். காய்ச்சலுக்குப் பெனடோல் (பரசிற்றமோல்) மட்டும். வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் இரத்தம் கசிவதைக் கூட்டும். வயிற்றுக்குத்து, விடாத சத்தி, முரசில் இரத்தம், கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை, இவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி என்பது எங்களுக்குள் ஊறிப்போனது. 1988இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு அதை உலகம் முழுவதும் பேசவைத்தது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் இந்த மூலிகையை 30 நாள் எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் குருதியிலிருந்து மறைந்தது, எடுக்காத 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. தமிழ் மருத்துவம் பெருமைப்படக்கூடிய தருணம் அது. பிறகு வேறு நாடுகளில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 2011இல் கொக்ரேன் மீளாய்வும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. பிள்ளைகளுக்கு வரும் செங்கமாரியில் பெரும்பகுதி ஹெப்படைட்டிஸ் ஏ. சில கிழமைகளில் தானாகவே மாறும் என்பதால் இலையின் புகழ் குறையாமல் நிற்கிறது.

எனக்குக் கவலை தருவது வயலில் வேலை செய்பவரின் மஞ்சள் கண். தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ மூதூரிலோ சேற்றில் இறங்கியவருக்கு ஒன்றிரண்டு கிழமையில் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சலம் குறைந்து சிறுநீரகம் நிற்கும்வரை இலையை அரைத்து மோருடன் குடித்துக்கொண்டிருந்தால் திரும்ப வழியில்லை. தொடக்கத்தில் கொடுத்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே கேட்கும். வயலுக்கு இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் எடுக்கும் தடுப்பு முறையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பெறலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வழி சொல்வார்.

காயம் பட்டால் முதல் மருந்து ஓடும் தண்ணீர். சுண்ணாம்பு, கோப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம், அவை அழுக்கை உள்ளே வைத்து மூடும். நெருப்புப் பட்டால் 20 நிமிடம் தண்ணீரின் கீழ் பிடியுங்கள். ஆழமில்லாத நெருப்புக் காயத்துக்குத் தேன் கட்டியபோது மற்றக் கட்டுகளைவிட நாலைந்து நாள் முன்னதாக ஆறியது என்று ஆய்வுகள் காட்டின. தேனின் புளிப்பும், நீரை உறிஞ்சும் அடர்த்தியும், அதில் மெல்லச் சுரக்கும் ஐதரசன் பெரொட்சைட்டும் கிருமியை வளரவிடுவதில்லை. ஆனால் வைத்தியசாலைகளில் அதற்கெனப் பயன்படுத்துவது கதிர்வீச்சால் வித்துகள் நீக்கப்பட்ட தேன். சலரோகக்காரரின் கால் புண்ணில் வீட்டுப் போத்தல் தேனை ஊற்றிப் பார்க்காதீர்கள்.

ஆணி குத்தினால் மரமஞ்சள் காய்ச்சிக் குடித்தால் ஏற்புவலி (டெட்டனஸ்) வராது என்ற நம்பிக்கை இந்நாட்டில் பரவலாக இருக்கிறது. மரமஞ்சளில் பெர்பெரின் என்ற பொருள் உண்டு. 1987இல் பங்களாதேஷில் 400 மில்லிகிராம் பெர்பெரின் ஒரு வகை வயிற்றோட்டத்தைக் குறைத்ததை முறையாகக் காட்டியிருக்கிறார்கள். அது குடலுக்குள் நடந்த வேலை. ஏற்புவலியை உண்டாக்குவது காயத்தின் ஆழத்தில், காற்றுப் படாத இடத்தில் சுரக்கும் நச்சு. அது நரம்பைப் பற்றிய பிறகு குடிக்கும் எதுவும் அதைக் கழற்றாது. அழுக்குக் காயமென்றால் கடைசி ஏற்புவலித் தடுப்பூசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மீண்டும் போட வேண்டும். கர்ப்பிணிக்கும் பிறந்த பிள்ளைக்கும் மரமஞ்சள் கொடுக்கக் கூடாது, பெர்பெரின் சிசுவின் செங்கமாரி மஞ்சளை மூளைவரை கொண்டுபோகலாம். குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் பருக்குவதும் அப்படித்தான், அதனால் வலிப்பு வந்து இறந்த சிசுக்களைப் பற்றி மலேசியாவிலிருந்து 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும், கடிகாரம் பார்த்து 15 நிமிடம். விசர்நோய்க் கிருமியை வாசலிலேயே கழுவிவிடும் இந்த வேலைக்கு எந்த மூலிகையும் ஈடில்லை. பிறகு அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

சலம் எரிவு திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி. குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த 140 பெண்களில் பாதிப் பேர் நாளுக்கு ஒன்றரை லீட்டர் கூடுதலாகக் குடித்தபோது, ஒரு வருடத்தில் அவர்களுக்குத் தொற்று சராசரி 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. திருகோணமலை வெயிலில் பார்லித் தண்ணீரானாலும் வெறும் தண்ணீரானாலும் இதைச் செய்யலாம். குளிர்காய்ச்சலும் இடுப்புக்கு மேல் முதுகு நோவும் சேர்ந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ தண்ணீரோடு நிற்க வேண்டாம்.

படர்தாமரைக்கு வண்டுகொல்லி என்ற சீமை அகத்தி இலை ஓரளவு நம்பத்தக்கது. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை அங்கீகரித்த பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று. கெடுதல் செய்வது, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கலந்த களிம்பு. இரண்டு நாளில் சொறி நிற்கும், பூஞ்சணம் உள்ளே பரவும்.

மூலிகைதான் வேண்டும் என்றால் படித்தவரிடம் போங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள். பதிவு பெற்ற சித்த வைத்தியர் எந்த நோயை அனுப்பிவைக்க வேண்டும் என்று தெரிந்தவர். வெளிநோயாளர் பிரிவுக்குப் போகும்போது வீட்டில் கொடுத்த சரையையும் கையில் கொண்டுபோங்கள். ஒரு கடதாசியில் காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், கடைசியாகச் சலம் போன நேரம், குடித்த நீரின் அளவு, பெனடோல் எத்தனை, குடிநீர் எத்தனை வேளை என்று எழுதி, ஏச்சு விழும் என்று பயந்து எதையும் மறைக்காமல், வைத்தியர் கேட்கும் முன்னமே நீட்டுங்கள்.